பேட்டா பெரிதா, வண்டி பெரிதா? லாரி டிரைவர் வேலை மாறும் முன் போட வேண்டிய கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு டிரைவர் வேலை மாறப் போகிறார் என்றால் முதலில் கேட்பது "பேட்டா (தினப்படி) எவ்வளவு?" என்பதுதான். அடுத்தது "ஓட்டம் இருக்கா?" வண்டி எப்படி இருக்கிறது என்பது பெரும்பாலும் சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, லோடும் ஏற்றியாகிவிட்டது.

வண்டியின் நிலைமை வேறு, சம்பளம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஏர் நிற்காத பிரேக், மைலேஜ் தராத எஞ்சின், வழுக்கும் கிளட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ரூபாயில் ஒரு விலை உண்டு. அதை ஓனர் கட்டுகிறாரா, நீங்கள் கட்டுகிறீர்களா என்பதைச் சம்பளம் பேசும் முறை தீர்மானிக்கிறது. நேஷனல் பர்மிட் லாரி, டாரஸ் (பல அச்சு லாரி), டிரெய்லர் ஆகியவற்றில் சம்பளத்துக்குப் போகும் டிரைவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது, வண்டியை எப்படிச் சோதிப்பது என்று கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம்.

முதல் படி: தொகையைக் கேட்கும் முன் முறையைக் கேளுங்கள்

"மாசம் முப்பது வரும்" என்று ஒருவர் சொன்னால் அதில் எந்தத் தகவலும் இல்லை. அந்த முப்பதாயிரம் எதைப் பொறுத்து வருகிறது என்பதுதான் தகவல்.

மாதச் சம்பளத்தோடு தினப் பேட்டாவும் தந்தால், வண்டி பட்டறையில் நின்றாலும் சம்பளம் வரும். நிற்கும் நாளுக்குப் பேட்டா உண்டா என்பதை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். பல இடங்களில் லோடு இறக்கக் காத்திருக்கும் நாளுக்குப் பேட்டா தருவார்கள், ரிப்பேர் நாளுக்குத் தர மாட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் வண்டி நின்றால் உங்கள் வருமானமும் நிற்கும். வாடகையில் சதவீதம் என்றால் டிரிப் எண்ணிக்கைதான் எல்லாம். மாதத்துக்கு ஐந்து டிரிப் போகிற வண்டி நான்கு போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கே வாடகை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிகிறதா, ஓனர் சொல்வதுதான் கணக்கா என்பதும் முக்கியம்.

இன்னொரு முறை, டீசல், டோல், ஏற்றுகூலி, வழிச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "மீதி உனக்கு" என்று அனுப்புவது. நல்ல வண்டியில் இது கட்டுப்படியாகும். மோசமான வண்டியில் ஓனரின் ரிப்பேர் செலவை உங்கள் பையிலிருந்து எடுப்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது.

இவை எல்லாவற்றின் மேலும் வந்து உட்காருவது மைலேஜ் ஒப்பந்தம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசி, மிச்சமானால் டிரைவருக்குப் பங்கு, குறைந்தால் பிடித்தம் என்பார்கள். அந்த எண்ணை வண்டியின் இன்றைய நிலையைப் பார்த்து வைத்தார்களா, புது வண்டியாக இருந்தபோது கிடைத்ததை அப்படியே வைத்திருக்கிறார்களா? இன்ஜெக்டர் போன எஞ்சின், விடாமல் ஒட்டும் பிரேக் லைனர், காற்றுக் குறைந்த டயர், அலைன்மென்ட் இல்லாத அச்சு என்று மைலேஜைத் தின்னும் எதுவும் டிரைவரின் கையில் இல்லை. பிடித்தம் மட்டும் டிரைவரின் தலையில் விழுகிறது.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பிடித்தத்துக்குப் பயந்தே தொப்பூர் கணவாயில் நியூட்ரல் போட்டு இறக்குகிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழு எடையும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் சூடேறினால் லைனர் பிடிமானம் இழக்கும். அடிக்கடி மிதிப்பதில் ஏரும் இறங்கும். தர்மபுரி பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையிலும், புனேயில் காத்ரஜ் புதுச் சுரங்கம் தாண்டி நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவிலும் லாரிகள் கட்டுப்பாடு இழந்த விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. மோசமான வண்டியும் கறாரான மைலேஜ் பிடித்தமும் ஒரே ஓனரிடம் இருந்தால், பேட்டா எவ்வளவாக இருந்தாலும் அந்த வேலை வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு நாளுக்கு எவ்வளவு நிற்கிறது

இரண்டு இடங்களை ஒப்பிடும் முறை இது. எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இடம் பழைய வண்டி. மாதம் 15,000, கிலோமீட்டருக்கு 2.50. கேட்க நன்றாக இருக்கிறது. வண்டி மாதத்தில் ஐந்து நாள் நிற்பதால் ஓட்டம் 6,500 கிலோமீட்டர். வரவு 15,000 + 16,250 = 31,250. பேசிய மைலேஜ் 3.5, வண்டி தருவது 3.3. பேசிய கணக்குப்படி 1,857 லிட்டர் போதும், உண்மையில் போவது 1,970 லிட்டர். 113 லிட்டர் குறைகிறது. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் பிடித்தம் 10,396. நின்ற ஐந்து நாளும் பேட்டா இல்லை. கைக்காசில் சாப்பாட்டுக்கு நாளைக்கு 300 வீதம் 1,500 போகிறது. மிஞ்சுவது 19,354. வீட்டை விட்டு வெளியே இருந்த நாள் 28. ஒரு நாளுக்கு 691 ரூபாய்.

இரண்டாம் இடம் பராமரிப்பு உள்ள வண்டி. மாதம் 14,000, கிலோமீட்டருக்கு 2.00. ஓட்டம் 8,500. வரவு 31,000. பேசிய மைலேஜ் 4.0, வண்டி தருவது 4.05, 26 லிட்டர் மிச்சம், அதில் பாதி டிரைவருக்கு என்றால் சுமார் 1,200. மொத்தம் 32,200. வெளியே இருந்த நாள் 26. ஒரு நாளுக்கு 1,238 ரூபாய்.

கிலோமீட்டருக்கு ஐம்பது காசும் மாதம் ஆயிரமும் குறைத்துத் தரும் இடம் நாள் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு தருகிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பழைய வண்டியில் மைலேஜ் பிடித்தம் மட்டும் இல்லையென்றால் மிஞ்சுவது 29,750, நாளுக்கு 1,062. அதாவது பழைய வண்டி ஓட்டுவதே நஷ்டம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வண்டியின் குறையை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆகவே பேரம் பேசும்போது ஐம்பது காசு ஏற்றிக் கேட்பதைவிட, பிடித்தத்தை எடுக்கச் சொல்வதும் ரிப்பேர் நாளுக்குப் பேட்டா கேட்பதும் கைக்கு அதிகம் கொண்டுவரும்.

மூன்றாம் படி: வண்டி எண்ணை வைத்து வீட்டிலிருந்தே பார்ப்பது

நேரில் போகும் முன் ஓனரிடம் வண்டி எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி எதுவரை செல்லும் என்பது தெரியும்.

எஃப்.சி. விஷயத்தில் விதி நேரானது. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். நேஷனல் பர்மிட்டுக்கு இரண்டு அச்சு வண்டி என்றால் 12 ஆண்டும், அதற்கு மேல் அச்சுள்ளது என்றால் 15 ஆண்டும்தான் எல்லை. எல்லையைத் தொடப் போகிற வண்டிக்குப் புது டயரோ எஞ்சின் வேலையோ செய்ய எந்த ஓனருக்கும் மனம் வராது. அந்தக் கடைசி ஓராண்டில் அதில் ஏறுகிறவர்தான் அதன் எல்லா நோயையும் சுமக்க வேண்டியிருக்கும்.

பரிவாகன் இணையதளத்தில் இ-செலான் பகுதியில் நிலுவை அபராதங்களையும் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்து, அதில் ஓவர்லோடு திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஓனரின் தொழிலே அப்படித்தான் நடக்கிறது என்று பொருள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. 42 டன் மொத்த எடைக்கான 14 சக்கர வண்டியில் 50 டன் ஏற்றினால் அபராதத்தை யார் கட்டினாலும் பட்டை (ஸ்பிரிங் பிளேட்), டயர், பிரேக் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். அதை ஓட்டுவது நீங்கள்.

ஃபைனான்ஸ் தவணையையும் கேட்டே ஆக வேண்டும். தவணை நின்ற வண்டியை வழியில் மடக்கிச் சாவியைப் பிடுங்கினால், லோடும் துணிமணியும் கைக்காசும் அதில் இருக்க, ஊர் தெரியாத இடத்தில் நிற்கப் போவது டிரைவர். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். தவணை ஒழுங்காகப் போகிறதா என்பதை அதே ஓனரிடம் இருக்கும் மற்ற டிரைவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

நான்காம் படி: வண்டியை ஒரு மணி நேரம் பாருங்கள்

வண்டி சமதளத்தில், குளிர்ந்த எஞ்சினோடு நிற்க வேண்டும். நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத வியாதியை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். இதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது தகும். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரில் 8 பார் வரும்வரை, 'புஸ்' என்று வால்வு விடும்வரை காத்திருங்கள். எஞ்சினை அணையுங்கள். பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கக் கூடாது. இப்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை முழுசாக மிதித்து அப்படியே பிடியுங்கள். மிதித்தவுடன் முள் ஒரு படி இறங்கும், அது இயல்பு. அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. டிரெய்லர் என்றால் 0.3 வரை விடலாம். பெடலைப் பிடித்திருக்கும்போதே இன்னொருவரை வண்டியைச் சுற்றி வரச் சொல்லுங்கள். சேம்பர், ஹோஸ் மூட்டு, கால் வால்வு என்று 'உஸ்' சத்தம் வரும் இடத்தை அவர் காதே காட்டிக்கொடுக்கும்.

பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்து ஏரை இறக்குங்கள். 4 பார் பக்கம் வரும்போது எச்சரிக்கை பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாத வண்டிகளில் பெரும்பாலும் வயரைப் பிடுங்கியிருப்பார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, 6 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது மிதிக்கிற வேகத்துக்கு அதனால் ஏர் கொடுக்க முடியாது.

கடைசியாக ஏர் டேங்க்கின் அடியில் இருக்கும் வளையத்தை இழுங்கள். வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் பீய்ச்சினால் ஏர் டிரையர் வேலை செய்யவில்லை. கறுப்பு எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயைத் தள்ளுகிறது, அது வால்வுகளை அடைக்கும், ரப்பரை ஊற வைக்கும். உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினால் தண்ணீரா எண்ணெயா என்று சந்தேகமே இருக்காது. ஓனரின் பராமரிப்புப் பழக்கம் முழுவதும் அந்தத் துணியில் தெரியும், ஏனென்றால் டிரையர் மாற்றுவது பெரிய செலவே இல்லை.

சேம்பரிலிருந்து வரும் தண்டு, பெடல் மிதிக்கும்போது இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் லைனர் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியில்லை. எல்லாச் சக்கரத்திலும் ஒரே அளவு வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், மழையில் சுற்றிவிடும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். முன் டயர் இரண்டும் ரீட்ரெட் இல்லாமல், ஒரே அளவில், வெடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பின் டயர்களில் ரீட்ரெட் இருப்பது சாதாரணம். இரட்டை டயரில் ஒன்று புதுசும் ஒன்று மொட்டையுமாக இருந்தால் புதுசுதான் முழு எடையையும் தாங்கும், சூடேறி முதலில் வெடிக்கும். முன் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் கிங் பின்னையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். வீல் நட்டிலிருந்து துருக் கோடு ஓடினால் நட்டு தளர்ந்து ஆடுகிறது.

ஸ்டீரிங்குக்கு ஒரு சின்னச் சோதனை போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் முன் ஸ்டீரிங்கின் விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் டை ராட் எண்டோ கியர் பாக்ஸோ தேய்ந்திருக்கிறது.

பட்டை உடைந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்னால் இருபது அடி தள்ளி நின்று வண்டியை நேராக ஓட்டச் சொல்லுங்கள். பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்திலேயே வராமல் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போனால் அச்சு நகர்ந்திருக்கிறது. சேசிஸின் ரிவெட்டைச் சுற்றி முடி மாதிரித் துருக் கோடு தெரிந்தால் அது விரிசல். அதன் மேல் புது பெயின்ட் மட்டும் திட்டாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

எஞ்சினில் பார்க்க வேண்டியவை அனுபவமுள்ள டிரைவருக்குத் தெரிந்தவைதான்: நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, கரும்புகை என்றால் இன்ஜெக்டர் அல்லது காற்று அடைப்பு, ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளினால் ரிங் போயிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் செக் லைட்டும் ஏ.பி.எஸ். லைட்டும் முதலில் எரிய வேண்டும். பிறகு, எஞ்சின் ஓடி வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், உள்ளே மறைக்க வேண்டிய குறை இருக்கிறது. ஆட்புளூ (புகையின் நச்சைக் குறைக்கும் திரவம்) ஊற்றாமல் சென்சாரை ஏமாற்றப் பெட்டி மாட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. அந்தப் பெட்டி கெட்டாலோ, தரமில்லாத ஆட்புளூ ஊற்றினாலோ வண்டி சக்தி குறைந்து லோடோடு ஏற்றத்தில் ஊர்ந்து நிற்கும்.

கேபினை அலங்காரமாக நினைக்க வேண்டாம். படுக்கை, சீட்டின் ஸ்பிரிங், கதவு ரப்பர், எஞ்சின் சூடு உள்ளே வருகிறதா என்பதெல்லாம் உங்கள் தூக்கம், உங்கள் முதுகு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால், மே மாதம் நாக்பூர் தாண்டிப் போகும் லைனில் ஏ.சி. இல்லாத கேபினுக்கு ஒரு விலை வைத்துக் கேளுங்கள். பகலில் தூங்க முடியாதவர் இரவில் தூங்கிவிடுவார்.

ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், சட்டம் டிரைவரைத்தான் முதலில் பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, குறை இருப்பது தெரிந்தோ, சாதாரண கவனம் இருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நிலையிலோ வண்டியை ஓட்டியவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. 1,500 ரூபாய் வரை அபராதம்; அந்தக் குறையால் விபத்தில் ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஓனர் செஞ்சு தரல" என்பது அங்கே முழுப் பதிலாக நிற்காது.

ஐந்தாம் படி: அங்கே ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்

ஓனர் முன்னால் கேட்டால் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். டீக்கடையிலோ எடை மேடை வரிசையிலோ தனியாகப் பிடியுங்கள். "ஓனர் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவால்ல" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள்.

"அண்ணே, கடைசியா வண்டி எங்க நின்னுச்சு? எத்தனை மணி நேரத்துல காசு வந்துச்சு?"

"பஞ்சருக்குக் கைக்காசு போட்டா எப்போ திரும்ப வருது?"

"ஃபாஸ்டேக் காலியாகி எத்தனை தடவை நின்னீங்க?"

"உங்களுக்கு முன்னாடி இந்த வண்டியை ஓட்டுனவரு ஏன் போனாரு?"

கடைசிக் கேள்விதான் அதிகம் பேசும். ஓராண்டில் மூன்று டிரைவர் மாறிய வண்டி என்றால் வண்டியிலோ கணக்கிலோ ஏதோ இருக்கிறது.

பணம் வரும் வேகத்தையும் சும்மா விட்டுவிட வேண்டாம். ரிப்பேர் காசு தாமதமானால் சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லும் முடிந்துவிடும், ஏனென்றால் அதற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லுபடி. 1,400 கிலோமீட்டர் டிரிப்புக்கு ஏழு நாள். வண்டி மூன்று நாள் பட்டறையில் கிடந்து, ஏற்றும் இடத்திலும் இரண்டு நாள் போனால் பில் முடிந்துவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போதான் நீட்டிக்க முடியும். அதைக் கவனிக்காத ஆபீஸாக இருந்தால் சோதனையில் வண்டியோடு நீங்களும் நிற்பீர்கள்.

ஆறாம் படி: அட்வான்ஸ் வாங்காமல் ஒரு டிரிப்

சேரும்போதே இருபதாயிரம், முப்பதாயிரம் என்று அட்வான்ஸ் நீட்டும் இடம் உண்டு. வீட்டில் நெருக்கடி இருக்கும்போது அதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். ஆனால் வாங்கிய பிறகு, பிரேக் சரியில்லாத வண்டியை "எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உங்கள் கையில் இருக்காது. முதல் டிரிப்பை ஆக்டிங் (தற்காலிக) டிரைவராகப் போய்ப் பாருங்கள். அசல் லைசென்ஸை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். நகலும் டிஜிலாக்கரும் போதும்.

அந்த டிரிப்பில் மைலேஜை நீங்களே எடுங்கள். கிளம்பும்போது டேங்க்கை வாய்வரை நிரப்பி மீட்டரைப் படம் எடுங்கள். ஒவ்வொரு பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மறுபடி வாய்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் வண்டியின் உண்மையான மைலேஜ். போகும்போது லோடு, வரும்போது காலி என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மைலேஜ் ஒப்பந்தம் பேசுவதாக இருந்தால் இந்த எண்ணிலிருந்து பேசுங்கள்.

எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்கிறார்கள் என்பதும் இதே டிரிப்பில் தெரிந்துவிடும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், தொலைதூர ஓட்டத்தில் 10 மணி நேரம் என்று எல்லை வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வும் சொன்னது. நம் லைனில் அது நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒத்தை டிரைவரை வைத்து, "நாளைக்குக் காலையில இறங்கியாகணும்" என்று இரவு முழுக்க போன் போடும் மேனேஜர் இருக்கிற இடத்தில் புது வண்டியும் உங்களைக் காப்பாற்றாது.

ஏழாம் படி: எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை

பிரேக், ஸ்டீரிங், முன் டயர், சேசிஸ் விரிசல், காலாவதியான எஃப்.சி., இன்சூரன்ஸ். இந்த ஆறில் ஒன்று தவறினாலும் பேட்டாவைப் பேசவே வேண்டாம். சரிசெய்து தந்தால் வருகிறேன் என்று சொல்லுங்கள். செய்து தரும் ஓனர் என்றால் அதுவே அவரைப் பற்றிய நல்ல சேதி.

ஏ.சி. இல்லாதது, சீட் சரியில்லாதது, மைலேஜ் குறைவு, அடிக்கடி நிற்பது ஆகியவற்றைப் பணத்தால் சரிக்கட்டலாம். ரிப்பேர் நாளுக்குப் பேட்டா, பிடித்தம் இல்லை, கைக்காசு 24 மணி நேரத்தில் திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். பெயின்ட், பாட்டுப் பெட்டி, கண்ணாடியில் எழுத்து இவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். மாடலைப் பார்த்தும்தான். ஓனரே காலையில் வந்து கிரீஸ் அடிப்பதைப் பார்க்கும் பத்து வருட வண்டி, யாரும் கேட்பாரற்ற மூன்று வருட வண்டியைவிட நன்றாக ஓடும். சர்வீஸ் பில்களைக் காட்டச் சொல்லுங்கள். கோப்பாக இல்லாவிட்டாலும் ஒரு கட்டாகக் கட்டியாவது வைத்திருப்பார்.

கேஸ் புல்லட் டேங்கர் வேலைக்குப் போக முடிந்தால் அதையும் யோசியுங்கள். ஆபத்தான சரக்குக்கான பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். லோடு ஏற்றும் பிளான்ட் வாசலில் வண்டியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், பராமரிப்பை ஓனர் தள்ளிப்போட அங்கே இடம் குறைவு.

இன்னும் ஒரு எண், பலரும் கவனிக்காதது. சம்பளம் எப்படி வருகிறது என்பது விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு வரும் தொகையை மாற்றும். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலையின்போது டிரைவர் இறந்தால், பணியாளர் இழப்பீட்டுக் கணக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மேல் எல்லை 15,000. 40 வயதுக்குக் காரணி 184.17. வங்கி வழியாக 15,000 வந்ததற்கு ஆதாரம் இருந்தால் 13,81,275 ரூபாய். எழுத்தில் 8,000 மட்டும் காட்டி மீதியைக் கையில் கொடுத்திருந்தால் 7,36,680. ஆகவே மாதச் சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்புக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று அந்த வரியையே காட்டச் சொல்லிப் பாருங்கள். அது சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். அதைக்கூடக் கட்டாதவர் ஏர் டிரையர் மாற்றியிருக்க மாட்டார்.

பேசி முடித்ததை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்புங்கள்: சம்பளம், பேட்டா, ரிப்பேர் நாள், மைலேஜ் எண், அபராதம் யாருடையது. "சரி" என்று பதில் வந்த பிறகு சாவியை வாங்குங்கள். வாங்கும் நாளில் எல்லா டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, தார்ப்பாய், கயிறு, மீட்டர், ஆவணங்கள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து அதே எண்ணுக்கு அனுப்புங்கள். பிறகு வழியில் தெரியும் ஒவ்வொரு குறையையும் அன்றைக்கே அதே இடத்தில் எழுதுங்கள். பிரேக்கோ ஸ்டீரிங்கோ என்றால் எழுதுவதோடு நிறுத்தாமல் வண்டியையும் ஓரம் கட்டுங்கள். குறை தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டு மேலே ஓட்டினால் அந்தச் செய்தியே உங்களுக்கு எதிராக நிற்கும்.